இலைதானே என்று எண்ணலாமா?

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், சலரோகம் என்ற சொல் கேளாத வீடு இன்று அரிது. அந்நோயின் பேச்சு எழுந்தவுடன் மூலிகைகளின் பேச்சும் எழும். ஆவாரம்பூக் குடிநீர், கோவையிலைச் சுண்டல், பாகற்காய்ச் சாறு, நாவற்கொட்டைத் தூள், சிறுகுறிஞ்சா என ஒவ்வொருவரும் ஒன்றைப் புகழ்வர். “இலைதானே, என்ன கெடுதி செய்யப் போகிறது?” என்ற வாக்கும் கூடவே வரும்.

எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவரின் தந்தையார் வைத்தியர் கொடுத்த குளிசையை ஒழுங்காக விழுங்கி வந்தார். அயலவர் சொற்கேட்டுச் சிறுகுறிஞ்சாத் தூளையும் காலை மாலை உட்கொண்டார். ஒருநாள் வைகறையில் உடல் வியர்த்து, நாக்குழறி, நினைவிழந்தார். குருதியில் வெல்லம் அளவுமீறிக் குறைந்திருந்தது. நல்லவேளையாக உயிர் பிழைத்தார். குளிசையும் மூலிகையும் ஒருங்கே வேலை செய்தமையே அங்கு நேர்ந்த பிழை. வைத்தியரிடம் ஏன் கூறவில்லை என வினவினோம். “அது மருந்தில்லையே, இலைதானே” என்றார்.

குருதி வெல்லத்தைக் குறைக்கும் ஆற்றல் ஓர் இலைக்கு உண்டெனில், அது மருந்தே. மருந்தெனில் அதனைச் சோதித்தறிதல் வேண்டும்.

இத்தகைய சோதனை நம் நாட்டிற்குப் புதிதன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அர்சகுலரத்னவும் அவருடன் உழைத்தோரும் இலங்கை மூலிகைகள் பலவற்றை ஆராய்ந்து, 1981 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஈரலைத் தாக்கும் ஒருவகைக் காரப்பொருள் சில மூலிகைகளிற் காணப்பட்டது. அவற்றுள் ஒன்று நம் வறண்ட கரையோரங்களில் மஞ்சளாய்ப் பூத்துக் குலுங்கும் ஆவாரை! அதனை உணவோடு உண்ட எலிகளின் ஈரலில் ஊறு தோன்றிற்று. இதனால் ஒரு கோப்பை ஆவாரங் குடிநீர் நஞ்சென்று கொள்ளுதல் தகாது. ஆயினும் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அருந்துவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

“நம் முன்னோர் உண்டு வாழ்ந்தனரே” எனச் சிலர் கேட்கலாம். உண்ட அன்றே வாந்தியோ மயக்கமோ உண்டாக்கும் இலையை அனுபவம் எளிதிற் காட்டிக் கொடுக்கும். பத்தாண்டு கழித்து ஈரலையோ சிறுநீரகத்தையோ கெடுப்பதை அனுபவம் எவ்வாறு கண்டுகொள்ளும்? அதற்கே ஆய்வுகூடம் தேவை.

முதலில் செடி இன்னதென உறுதி செய்வர். எலிகளுக்கு ஒரே வேளையிற் பெரிய அளவு கொடுத்து 14 நாட்கள் கவனிப்பர். பின்பு 28 அல்லது 90 நாட்கள் தொடர்ந்து கொடுத்து, குருதியையும் உள்ளுறுப்புக்களையும் சோதிப்பர். இவற்றில் தேறிய பின்னரே மனிதரிடம் சிறிய அளவில் தொடங்குவர். காலியிலுள்ள றுகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் கோவையிலை மருந்தை இவ்வாறு படிப்படியாக ஆராய்ந்து, சலரோகிகளிடம் மூன்று மாதங்கள் சோதித்து, 2021 ஆம் ஆண்டில் நற்பயனை அறிவித்தனர்.

மாறாக, சோதனையின்றி நாவின் சொல்லை நம்பியோர் கதையும் உண்டு. குறுக்கே அரிந்தால் நட்சத்திரம்போல் தோன்றும் காமரங்காயைச் சாறாக்கிப் பருகிச் சிறுநீரகம் பழுதுற்றோரைப் பற்றி இலங்கை மருத்துவர்கள் 2018 இல் எழுதினர். அக்காயிலுள்ள ஒட்சலேற்று என்னும் பொருள் சிறுநீரகத்திற் படிந்து அதனை அடைத்துவிடுகிறது. சலரோகத்தால் முன்னரே தளர்ந்த சிறுநீரகத்திற்கு ஆபத்து மிகுதி.

சேங்கொட்டையைச் சுத்தி செய்யாது வழங்கலாகாது என விதித்தது நம் சித்த மருத்துவமே. ஆதலின் மருந்தின் நஞ்சை ஆராய்தல் முன்னோரை இகழ்வதாகாது. அவர் வழி நிற்பதேயாகும்.

அன்பர்களே, மூலிகை உண்பதானால் பரியாரியாரிடம் குளிசையையும், வைத்தியரிடம் மூலிகையையும் மறையாது கூறுங்கள். குளிசையை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். வீட்டிலுள்ள மாணவர்களே, அம்மம்மா எந்த இலையை எவ்வளவு உண்கிறார் என ஒரு தாளிற் குறித்து, அடுத்த முறை சிகிச்சைக்குச் செல்லும்போது கொடுத்தனுப்புங்கள். அந்தச் சிறு தாள் ஓர் உயிரைக் காக்கவுங் கூடும்.