அபர்வத் மலையில் பனிச்சரிவு அபாயம்

அபர்வத் என்பது ஜம்மு காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், குல்மார்க்கிற்கு மேலே பீர் பாஞ்சால் மலைத்தொடரில் அமைந்துள்ள மலையாகும். குல்மார்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து செல்லும் ரோப் கார், பயணிகளை 3,900 மீட்டருக்கும் மேலே கொண்டுசெல்கிறது. சீரமைக்கப்பட்ட தடங்களை விட்டு விலகி, புதுப்பனியில் சறுக்க விரும்புவோர் பல நாடுகளிலிருந்தும் இங்கு வருகின்றனர். அத்தகைய சரிவுகளே பனிச்சரிவு அபாயம் மிகுந்தவை.

உருவாகும் விதம்

மலைப்பனி ஒவ்வொரு பொழிவிலும் ஓர் அடுக்காகப் படிகிறது. பனிப்பொழிவின்றிக் கடுங்குளிர் நீடித்தால், அடியிலுள்ள பனி ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரை போன்ற மணிகளாக மாறும். அதன்மேல் புதுப்பனி விழுந்து, காற்றால் இறுகிப் பாளமாகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவில் ஒருவர் சறுக்கும்போது, அவரது எடையால் அடியிலுள்ள பலவீன அடுக்கு நொறுங்கலாம். உடனே விரிசல் பரவி, பாளம் முழுவதும் பெயர்ந்து சரிகிறது. உயிரிழப்பு நேரும் பெரும்பாலான விபத்துகளில், சிக்கியவரோ அவருடன் சென்றவரோதான் சரிவைத் தூண்டியிருப்பர்.

எச்சரிக்கை அறிகுறிகள்

* அருகிலுள்ள சரிவுகளில் அண்மையில் பனி சரிந்திருத்தல்
* சறுக்குப் பலகையின் முன்னே விரிசல் ஓடுதல்
* காலடியில் பனி அமுங்கித் 'தொம்' என ஒலித்தல்
* முந்தைய நாளில் பெரும் பனிப்பொழிவு, பலத்த காற்று அல்லது திடீர் வெப்ப உயர்வு

பொழிவு நின்று வானம் தெளிந்தவுடன் அபாயம் நீங்குவதில்லை. புதுப்பனியைத் தேடிப் பலரும் புறப்படும் அந்நாளில் பாளம் இன்னும் உறுதிப்படாமல் இருக்கக்கூடும்.

அபாய அளவு

பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரையான நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. 3 என்பது நடுத்தரமானது எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. அந்நிலையில் ஒரே ஒருவரின் எடையும் சரிவைத் தூண்டலாம்.

விபத்துகள்

2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் சரிவில் போலந்து நாட்டவர் இருவர் உயிரிழந்தனர். 19 வெளிநாட்டவர் மீட்கப்பட்டனர். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர் உயிரிழந்தார்.

மீட்பு

சரிந்த பனி நின்றவுடன் இறுகிவிடும். புதைந்தவரால் தாமாக வெளிவர இயலாது. முதல் 10 நிமிடங்களுக்குள் மீட்கப்படுவோரில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அதன்பின் மூச்சுத்திணறலால் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. வெளியிலிருந்து மீட்புக்குழு வந்துசேர அந்நேரம் போதாது. எனவே ஒவ்வொருவரும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்கும் இடங்காட்டிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகியவற்றை வைத்திருப்பதும், அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருப்பதும் அவசியம். அபாயமான சரிவை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே கடக்க வேண்டும். அப்போதுதான் ஒருவர் புதைந்தாலும் மீட்க மற்றவர்கள் இருப்பர்.