பவர் பேங்க் நலிவதை அறிவது எப்படி?

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் பேருந்து கோபாலபுரத்தில் எல்லையைக் கடந்து கேரளத்தினுள் நுழைகிறது. கோடையில் பாலக்காட்டுப் பகுதியின் உஷ்ணம் 40 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. தெற்கே இடுக்கி மலைத் தோட்டங்களில் தொல்லை வேறு வகையானது. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தின்போது அங்குப் பல ஊர்கள் மின்சாரமின்றி நாட்கணக்கில் இருளில் கிடந்தன. வெளி மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்க்கு ஊருடன் பேசும் வழி கைபேசி ஒன்றே. ஆதலின் அதற்கு மின்னூட்டும் பவர் பேங்க் ஏறக்குறைய எல்லார் பையிலும் இடம்பெற்றுவிட்டது. அது எப்போது பழுதாகிறது என்பதை அறிந்தோர் தொகை அத்துணை பெரிதன்று.

மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு இதனை 'மின் வங்கி' என்று பெயர்க்க ஆசை எழுவது இயல்பே. ஆயினும் வங்கியில் இட்ட பணம் முழுமையாகத் திரும்பி வரும். இதில் இட்டது அவ்வாறு வருவதில்லை. உறையின் மேல் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று பொறித்திருப்பது உள்ளிருக்கும் லித்தியம் கலத்தின் 3.7 வோல்ட் அளவிற்கே பொருந்தும். அதாவது 37 வாட் மணி. கைபேசிக்கு 5 வோல்ட்டில் கொடுக்கும்போது கணக்கு 7,400 ஆகச் சுருங்குகிறது. மாற்றுவதில் நேரும் இழப்பும் போக, கைக்கு வருவது 6,000 முதல் 6,500 வரைதான். 5,000 அளவுள்ள கைபேசியை இரண்டு முறை நிரப்பவில்லையே என்று புதுப் பொருளைக் குறை கூறுவது முறையன்று.

முதுமை வேறு, நோய் வேறு என்பதே இங்கு முக்கியம். லித்தியம் அயனிக் கலம் 1991-இல் கடைக்கு வந்தது; அதனை உருவாக்கிய மூவர்க்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 300 முதல் 500 முறை முழுமையாக நிரப்பி ஒழித்தபின் இக்கலத்தின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கேனும் குறைந்துவிடும். உஷ்ணம் அந்த முதுமையை விரைவுபடுத்தும். நான்கு விளக்குகளும் எரிந்த பெட்டி, கைபேசியை இணைத்தவுடன் ஒரே விளக்கிற்கு இறங்குமாயின், கலத்தின் உள்தடை மிகுந்துவிட்டது என்று பொருள். இரவு முழுதும் ஊட்டியும் நிரம்பாமை, அல்லது வழக்கத்திற்கு மாறாக நொடியில் நிரம்பிவிடுதல், இவையும் அதே கதைதான். ஆனால் தீர்ப்புக் கூறுமுன் கம்பியை மாற்றிப் பார்த்தல் வேண்டும். கம்பியின் குற்றத்தைப் பெட்டியின் மேல் ஏற்றுவோர் பலர்.

இவ்வளவும் முதுமை. இதனால் வரும் கேடு ஏமாற்றம் மட்டுமே.

நோயின் முதல் அடையாளம் வீக்கம். கலத்தினுள் இரு தகடுகளையும் பிரித்து நிற்கும் மென்படலம் மில்லிமீட்டரில் 50-இல் ஒரு பங்கு அளவே கனமுடையது. அதனைச் சூழ்ந்த திரவம் சிதைந்து வாயுவாகும்போது, மெல்லிய தாள்பை போன்ற கலம் உப்புகிறது. பெட்டியைச் சமமான மேசையின்மேல் வைத்துப் பாருங்கள். ஆடினாலோ, விளிம்பின் பொருத்துவாய் திறந்திருந்தாலோ, அதன் பணி அன்றோடு முடிந்தது. உருளை வடிவக் கலங்கள் இரும்புக் கூட்டினுள் இருப்பதால் அவ்வளவாக வீங்குவதில்லை. ஆகவே வீக்கமின்மையை நலத்திற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது, காரணமற்ற சூடு. மின்னூட்டும்போது வெதுவெதுப்பாக இருத்தல் இயல்பே. ஒன்றுடனும் இணைக்காமல் கிடக்கும்போது சுடுமானால், உள்ளே மின்சாரம் குறுக்குவழி கண்டுவிட்டது. இனிப்புக் கலந்த மருந்து வாடை வீசினால் கலம் கசிகிறது. கீழே விழுந்து நசுங்கியதும் ஐயத்திற்குரியதே. படலம் அன்று கிழியாமல் பின்னொரு நாள் கிழிவதும் உண்டு.

2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானமொன்று எரிந்தது. பயணிகள் அனைவரும் வெளியேறினர். பவர் பேங்கின் உட்காப்புச் சிதைந்ததே காரணமாகலாம் என்று விசாரணையாளர் கருதினர். அதே ஆண்டு அக்டோபரில், தில்லியிலிருந்து திமாப்பூருக்குப் புறப்படவிருந்த விமானத்திலும் ஒரு பயணியின் பவர் பேங்க் தீப்பற்ற, பணியாளர் அதனை உடனே அணைத்தனர். பெயர் பெற்ற ஆங்கர் நிறுவனமே 2025 ஜூனில் அமெரிக்காவில் 11 இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகளைத் திரும்பப் பெற்றது. விமானத்தில் இதனைக் கையோடு கொண்டு செல்லவேண்டும், சரக்கில் இடலாகாது என்னும் விதிக்குக் காரணம், தீ கண்ணெதிரே தோன்றினால்தான் அணைக்க முடியும் என்பதே. இரயிலில் தலையணைக்கடியிலும், ஆறு பேர் உறங்கும் தோட்டத்து அறையில் துணிப்பெட்டிக்குள்ளும் வைத்து மின்னூட்டுவோர் இக்காரணத்தைச் சிந்திக்கவேண்டும்.

வீங்கிய பெட்டியை அழுத்துதல், குத்தி வாயுவை விடுதல், 'கடைசியாக ஒருமுறை' மின்னூட்டிப் பார்த்தல் ஆகிய மூன்றும் ஆகா. துணி, தாள் அணுகாத சிமெண்டுத் தரையில் தனியே வையுங்கள். புகை எழுந்தால் ஆட்கள் முதலில் விலகவேண்டும். பெட்டி மின்சாரத்துடன் இணைந்திராவிடில், பின்னர் எட்ட நின்று மிகுதியாக நீர் ஊற்றலாம். குப்பைத் தொட்டியில் இட்டால் குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள், பழைய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்துகின்றன. மின்னணுக் கழிவு சேகரிக்கும் நிலையத்திலும் கொடுக்கலாம்.

சந்தைக் கடையில் பழைய மடிக்கணினிக் கலங்களைச் செருகிப் 'புதுப்பித்து'த் தருவதை நாம் ஆதரிப்பதற்கில்லை. எடை கூட்ட உள்ளே மணல் இட்ட போலிகளும் அகப்பட்டதுண்டு. வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், 'ஆர்' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் உறையில் உள்ளனவா என்று பாருங்கள். நெடுநாள் பயன்படுத்தாது வைப்பதாயின் பாதியளவு நிரப்பி, நிழலில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மேசையின்மேல் வைத்துச் சோதியுங்கள்.