நாடகச் சீட்டும் வலைத்தளமும்

மும்பை சண்முகானந்தா அரங்கில் 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் உள்ளன. இத்தகைய பேரரங்கில் நாடகம் காண நுழைவுச் சீட்டுப் பெற, இன்று நாம் பெரும்பாலும் வலைத்தளத்தையே நாடுகிறோம். அத்தளம் எவ்வாறு அமைதல் வேண்டும்?

சீட்டு வழங்கும் சாளரத்தில் இருப்பவர், எந்த நாள், எத்தனை பேர், என்ன விலை என்று கேட்ட பின்னரே இருக்கையைக் குறிப்பார். வலைத்தளங்கள் சிலவோ இருக்கைப் படத்தை முதலில் விரிக்கின்றன. ஓர் இருக்கையைத் தொட்டவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பெயரும் பிற விவரங்களும் பதிவதற்குள் காலம் கடந்து, இருக்கை கைநழுவுகிறது. முதியோரும் பார்வை குன்றியோரும் இதனால் நாடகத்தையே இழக்க நேரிடுகிறது.

விரைவில் விற்றுவிடும் இருக்கையை ஒருவருக்காக நெடுநேரம் நிறுத்தி வைத்தல் இயலாது என்பது உண்மையே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் நெறிமுறை விளக்கம், இரண்டே நிமிடம் தரும் சீட்டுத் தளம் ஒன்றை எடுத்துக்காட்டி இதற்கு வழி கூறுகிறது. பெயர், பணம் செலுத்தும் முறை ஆகியவற்றை முன்னரே பெற்றுக்கொண்டால், கடிகாரம் ஓடும் வேளையில் செய்ய வேண்டியது குறையும் என்பதே அவ்வழி. வண்ணத்தால் மட்டும் எதனையும் உணர்த்தலாகாது என்பதும் அந்நெறியே. ஆகவே, விற்ற இருக்கையின்மேல் பெருக்கற்குறி ஒன்றும் இடுதல் நலம்.

இவ்வாறு வரிசையைத் திருத்தினால், ஊர்விட்டு நம்மோடு வந்து வாழும் பெற்றோரும் தமக்கு வேண்டிய இருக்கையைப் பிறர் துணையின்றித் தாமே பெறுவர்.