எல்லைக்கல்லைத் தாண்டாத ஊர்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில், டார்பிஷயர் மாவட்டத்து மலைச்சரிவில் அமைந்துள்ளது ஈம் என்னும் சிற்றூர். கல்லாலான வீடுகள், நடுவே புனித லாரன்ஸ் ஆலயம், அதன் முற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையுடைய கற்சிலுவை. அந்நாளில் ஈயச் சுரங்கங்களிலும் வயல்களிலும் உழைத்து வாழ்ந்த எளிய மக்களின் ஊர் அது. அம்மக்கள் ஒன்றுகூடி எடுத்த ஒரு முடிவே அவ்வூரின் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்தியது.

1665-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரைக் கொள்ளைநோய் சூறையாடிக் கொண்டிருந்தது. அவ்வேளையில் அங்கிருந்து ஈம் ஊரின் தையற்காரர் ஒருவருடைய வீட்டிற்குத் துணிமூட்டை ஒன்று வந்து சேர்ந்தது. ஈரமாயிருந்த துணியை அங்குப் பணிபுரிந்த ஜார்ஜ் விக்கர்ஸ் கணப்பருகே விரித்து உலர்த்தினார். துணியில் ஒளிந்திருந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொணர்ந்தன என்பர். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் விக்கர்ஸ் இறந்தார். அடுத்தடுத்துப் பலர் மாண்டனர். குளிர்காலத்தில் சற்றே தணிந்த நோய், 1666 கோடையில் மீண்டும் சீறி எழுந்தது.

ஓடிப் பிழைக்கலாம் என்று எண்ணியோர் பலர். ஆனால் ஓடுகிறவரோடு நோயும் ஓடுமன்றோ! பங்குக் குருவானவர் வில்லியம் மொம்பெசன் இதனை உணர்ந்தார். அவர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தவர். அச்சபையின் முறைப்படி மணமானவர். 28 வயதே ஆன அவர், ஊருக்குப் புதியவர். மக்களோ, அவருக்கு முன் அங்குப் பணியாற்றிய தாமஸ் ஸ்டான்லியையே பெரிதும் நம்பினர். ஸ்டான்லி பியூரிட்டன் கொள்கையினர். சட்டம் விதித்த பொது வழிபாட்டு நூலை ஏற்க மறுத்து 1662-இல் பதவி இழந்தவர். அக்காலத்தில் இவ்விரு சாராரிடையே நிலவிய கசப்பு சிறிதன்று.

எனினும் மொம்பெசன் ஸ்டான்லியின் துணையை நாடினார். பதவி இழந்தவரும், அப்பதவியில் அமர்ந்தவரும் தோளோடு தோள் நின்று மக்களிடம் பேசினர். மக்களும் இசைந்தனர். ஊரைச் சுற்றி எல்லை வகுக்கப்பட்டது. எவரும் அதைத் தாண்டுவதில்லை. ஆலயம் மூடப்பட்டது, கக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில், ஒருவருக்கொருவர் விலகி நின்று வழிபட்டனர். ஒவ்வொரு குடும்பமும் தன் இறந்தோரைத் தானே தோட்டத்திலோ வயலிலோ புதைத்தது. டெவன்ஷயர் பிரபுவும் அண்டை ஊராரும் அனுப்பிய உணவு எல்லையில் வைக்கப்பட்டது. அதற்கான காசுகளை, எல்லைக்கல்லில் குடைந்த குழிகளில் காடி ஊற்றி அதில் இட்டு வைத்தனர்.

ஏழைகளுக்குப் போக்கிடம் ஏது என்று வினவும் வரலாற்றாசிரியர்களும் உளர். எனினும் அவர்கள் கொடுத்த விலை பெரிது. எலிசபெத் ஹான்காக் என்னும் தாய், 1666 ஆகஸ்டில் எட்டே நாள்களில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தம் கையாலேயே புதைத்தார். மொம்பெசன் தம் இரு பிள்ளைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பிவிட்டிருந்தார். மனைவி கேதரீனோ கணவரைப் பிரிய மறுத்து, அவரோடு நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். அதே ஆகஸ்டு மாதத்தில் அவரும் மாண்டார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது, 14 மாதங்களில் ஏறத்தாழ 260 பேர் இறந்திருந்தனர். ஆனால் சுற்றியிருந்த ஊர்கள் பிழைத்தன.

இன்றும் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கடைசி ஞாயிறன்று ஊரார் பவனியாகச் சென்று அப்பள்ளத்தாக்கில் நன்றி வழிபாடு நடத்துகின்றனர். கேதரீனின் கல்லறையில் மலர்வளையம் வைக்கின்றனர். களிமண் பூசிய பலகைகளில் மலரிதழ்களைப் பதித்து ஓவியமாக்கி, ஊர்க் கிணறுகளை அணிசெய்யும் டார்பிஷயர் வழக்கமும் அந்நாள்களில் அங்கு நடைபெறுகிறது. துயரின் நினைவும் ஊர்விழாவும் அங்கே ஒன்றாய்க் கலந்துவிட்டன.

2020-இல் ஆலயக் கதவுகள் மூடப்பட்டதைக் கண்ட நமக்கு ஈம் மக்களின் துயர் அந்நியமன்று. ஆயினும் அவர்களிடம் நாம் கற்க வேண்டியது துணிவு மட்டுமன்று. மனத்தாங்கலுக்குக் காரணமிருந்த இருவர் அதனை ஒதுக்கி வைத்ததனால்தான் மக்கள் ஒரு மனப்பட முடிந்தது. குடும்பத்திலும் பங்கிலும் நாம் பேசாதிருக்கும் ஒருவரை நாடிச் செல்ல, ஒரு கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டுமா?