விற்றவரைக் காணோம்

நிலம் வாங்கும் குடியானவனுக்குப் பத்திரம் இன்னது, பட்டா இன்னது என்று ஒருவரும் போதிக்க வேண்டியதில்லை. பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டுப் பட்டாவை மாற்றாமல் இருந்தால் பிள்ளைகள் காலத்தில் வழக்கு வரும் என்பதை அவன் நன்கறிவான். ஆனால் அதே மனிதன் இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்துப் பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்கும்போது, சாவி கைக்கு வந்ததும் காரியம் முடிந்ததென்று நினைத்துவிடுகிறான். பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறான். பிறகு பார்க்கப் போகும்போது விற்றவரைக் காணோம்.

ஆர்.கே.பேட்டை என்று சுருக்கமாக வழங்கும் ராமகிருஷ்ணராஜு பேட்டையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இந்தச் சங்கடத்திற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. திருத்தணிப் பிரதேசம் 1960 ஏப்ரல் 1 ஆம் தேதி நம்முடன் சேரும்வரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. எல்லைக்கோடு மாறியதேயன்றி ஜனங்களின் கொள்வினை கொடுப்பினை மாறவில்லை. நூலும் சேலையும் இருபுறமும் போகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் இருபுறமும் நடக்கின்றன. பழைய வண்டிகளும் அப்படியே.

பேட்டை நெசவாளர் ஒருவர் நகரியில் ஒரு காரைத் தரகர் மூலம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏ.பி. 03 என்று தொடங்கும் சித்தூர் எண். ஆர்.சி. புத்தகமும், விற்றவர் கையெழுத்திட்ட, மற்றபடி ஒன்றும் பூர்த்தி செய்யாத இரண்டு பாரங்களும் கைக்கு வருகின்றன. இரண்டு வருஷம் வண்டி நன்றாக ஓடுகிறது. பிறகு திருவள்ளூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண்ணுக்கு மாற்ற விரும்பினால், சித்தூரிலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும் என்கிறார்கள். அதற்கு ஆர்.சி.யில் பெயருள்ளவரே விண்ணப்பிக்க வேண்டும். நகரிக்குப் போனால், அவர் வீட்டைக் காலி செய்து பெங்களூர் போய்விட்டார் என்கிறார்கள். செல்பேசி எண்ணும் உயிரோடில்லை. தரகர் கையை விரிக்கிறார்.

இவ்வளவு காலம் ஏன் தாமதித்தார் என்று கேட்பது எளிது. ஆந்திராவில் ஆயுள் வரி கட்டிய வண்டிக்கு இங்கே மறுபடியும் வரி கட்டவேண்டும். அங்கே கட்டியதில் மீதியைத் திரும்பப் பெற அங்குள்ள ஆபீஸுக்கே நடக்கவேண்டும். இந்த இரட்டைச் செலவுக்கு அஞ்சியே பலர் நாளைக் கடத்துகிறார்கள். வேற்று மாநில எண்ணுடன் 12 மாதங்களுக்கு மேல் ஒரு வண்டியை இங்கே வைத்திருக்கலாகாது என்று சட்டம் கூறுவதோ பலருக்குத் தெரியாது.

1988 ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50 ஆம் பிரிவு கடமையை இருவர் மீதும் சுமத்துகிறது. விற்றவர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். வண்டி வேறு மாநிலத்தில் பதிவானதாயின் 45 நாட்களுக்குள், தடையின்மைச் சான்றுடன். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். விற்றவர் அனுப்புவது 29 ஆம் எண் பாரம். வாங்கியவர் கொடுப்பது 30 ஆம் எண் பாரம். சிக்கல் இந்த இரண்டாவது பாரத்தில்தான் இருக்கிறது. அதிலும் விற்றவரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். அவர் மறைந்துபோனால் வாங்கியவர் தம் கடமையைச் செய்ய விரும்பினாலும் இயலாது.

விற்றவர் தாம் தப்பித்துக்கொண்டதாக எண்ணினால் அதுவும் தவறு. 2009 இல் ஒரு கார் பின்னோக்கி வந்து மோதிய விபத்தில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அந்தக் கார் அதற்கு முன்பே ஒருவர் பின் ஒருவராகப் பலருக்கு விற்கப்பட்டிருந்தது. ஆனால் பதிவேட்டில் முதல்வரின் பெயரே நின்றது. நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018 இல் தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவர்கள் வண்டி யார் யார் கைக்கு மாறியது என்று தேடித் திரிய வேண்டியதில்லை, சட்டத்தின்படி சொந்தக்காரர் பதிவேட்டில் பெயருள்ளவரே என்பது அத்தீர்ப்பின் சாரம். 2022 அக்டோபர் 23 ஆம் தேதி கோயம்புத்தூர் உக்கடத்தில் வெடித்த காரும் பல கை மாறிய பழைய வண்டியே. தாம் என்றோ விற்ற வண்டிக்காகப் போலீஸ் விசாரணைக்கு உட்படுவது எவருக்கும் உவப்பான காரியமல்ல.

இறந்தவருடைய வண்டிக்கு வழி இருக்கிறது. வாரிசு 30 நாட்களில் தெரிவித்து, மூன்று மாதங்களுக்குள் 31 ஆம் எண் பாரத்தில் விண்ணப்பிக்கலாம். சர்க்கார் ஏலத்தில் எடுத்த வண்டிக்கு 32 ஆம் எண் பாரம் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். உயிரோடிருந்தும் அகப்படாதவருக்குத்தான் பாரம் இல்லை. ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். ஆனால் 15 வருஷத்திற்குப் பதிவு செய்யப்படும் வண்டிக்கு ஏழு வருஷம் காத்திருப்பதென்றால் அதன் ஆயுளில் பாதி போய்விடும்!

இதைவிட ஆச்சரியமானது அடுத்த பிரிவில் இருக்கிறது. தவணைக் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர், பணம் வராததால் வண்டியைக் கைப்பற்றுகிறார், சொந்தக்காரர் ஆர்.சி.யைத் தர மறுக்கிறார், அல்லது ஓடி மறைந்துவிட்டார். அப்போது பதிவு அதிகாரி, ஆர்.சி.யில் கண்ட விலாசத்திற்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, ஆட்சேபம் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்து, பழைய ஆர்.சி.யை ரத்து செய்து, பைனான்ஸ்காரர் பெயரிலேயே புதிய ஆர்.சி. வழங்கலாம். இதுவே 51 ஆம் பிரிவின் 5 ஆம் உட்பிரிவு. ஓடிப்போனவரை எப்படிக் கையாளுவது என்று சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரியாமலில்லை. கடன் கொடுத்தவருக்காக அதை எழுதினார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கிய நெசவாளரை மறந்தார்கள். இந்தப் பாரபட்சத்தையே நாம் ஆட்சேபிக்கிறோம்.

இன்றைய நிலையில் அகப்பட்டுக்கொண்டவர் செய்யக்கூடியது இதுதான். ஆர்.சி.யில் கண்ட விலாசத்திற்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, திரும்பி வந்த உறையை உடைக்காமல் வைத்திருக்கவேண்டும். பணம் கொடுத்ததற்கான பாங்குக் கணக்கு, விற்பனை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் ஆகியவற்றுடன் பதிவு அதிகாரிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்திலேயே பெறவேண்டும். அப்புறம் முன்சீப் கோர்ட்டில் வண்டி தம்முடையது என்று விளம்புகை கோரி வழக்குத் தொடரலாம். பிரதிவாதி அகப்படாவிட்டால் பத்திரிகை விளம்பரத்தின் மூலம் சம்மன் சார்வு செய்யவும், அவர் வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பளிக்கவும் சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. வழி நீண்டதுதான், வக்கீல் பீஸும் உண்டு. அதற்காகத் தரகரிடம் கள்ளக் கையெழுத்து வாங்கப் போனால், சிவில் கஷ்டம் கிரிமினல் கஷ்டமாகிவிடும்.

இனி வாங்கப் போகிறவர்கள், தடையின்மைச் சான்று கைக்கு வரும்வரை விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கட்டும். வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வாங்குவதும் போடுவதும் ஒழியட்டும். விற்பவரும் 29 ஆம் எண் பாரத்தைத் தாமே அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தட்டும். பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் அங்கீகார முறை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்துத் தெரிவித்துவிட்டால், அது விற்கும்வரை அவரே சொந்தக்காரராகக் கருதப்படுவார். நல்ல ஏற்பாடுதான், ஆனால் டீக்கடை வாசலில் நடக்கும் வியாபாரத்தை அது எட்டாது.

மோட்டார் வண்டி பற்றிய அதிகாரம் அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 35 ஆவது இனமாக இருக்கிறது. டில்லி செய்யும்வரை காத்திராமல், ஜனாதிபதியின் ஒப்புதலுடன் தமிழ்நாட்டுச் சட்டசபையே 50 ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கலாம். திருடர்களுக்கு இது வசதியாகிவிடாதா என்று அதிகாரிகள் கேட்பார்கள். பைனான்ஸ்காரருக்கு அனுப்பும் அதே பதிவுத் தபால் நோட்டீஸ், ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் வண்டி அடுத்த மாநிலத்ததாயின் ஒரு தெலுங்குப் பத்திரிகையிலும் விளம்பரம், திருட்டுப் புகார் இல்லை என்ற போலீஸ் சான்று, ஆட்சேபத்திற்கு 30 நாள் தவணை, பின்னால் உண்மைச் சொந்தக்காரர் வந்தால் ஈடு செய்வதாக வாங்கியவரின் ஜாமீன் பத்திரம் — இத்தனையும் கொடுத்துத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ளத் துணிகிற திருடன் இருக்கமாட்டான்.