கிராங்க் செட் வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது காலடியில் ‘டொக், டொக்’ என்று ஒரு சத்தம். சமதளத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. கியர் சைக்கிள் வைத்திருப்பவர்களில் பலர் இதைக் கேட்டதுமே கிராங்க் செட் (பெடல்களைத் தாங்கும் இரு கிராங்குகளும் முன் பல்சக்கரங்களும்) போய்விட்டது என்று முடிவுகட்டி, இணையத்தில் பளபளப்பாகத் தெரியும் ஒன்றை வரவழைத்துவிடுகிறார்கள். பெட்டியோடு பழுதுபார்ப்பவரிடம் போன பிறகுதான் சங்கடம் தெரிகிறது: அச்சில் உட்காரவில்லை, பல்சக்கரம் ஃபிரேமில் உரசுகிறது, செயின் ஏற மறுக்கிறது. சைக்கிளில் அளவுக் குழப்பம் அதிகமாக உள்ள இடம் இதுதான். செயின், பேரிங், பெடல், கியர் எல்லாம் இந்த ஒரு உறுப்பில் வந்து கூடுகின்றன. ஆனால் அந்த அளவுகளில் பெரும்பாலானவற்றை ஒரு ஸ்கேலும் கால் மணி நேரமும் இருந்தால் வீட்டிலேயே எடுத்துவிடலாம்.

முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும். சைக்கிளைச் சுவரில் சாய்த்து, இரண்டு கிராங்குகளையும் இரு கையால் பிடித்து, ஃபிரேமை நோக்கி உள்ளேயும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் தேய்ந்தது உள்ளே அச்சைத் தாங்கும் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) பேரிங். ஒரு பக்கம் மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க் அச்சில் தளர்ந்திருக்கிறது. எதுவும் ஆடவில்லையா? பெடல் மரையில் கிரீஸ் காய்ந்திருக்கலாம், பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சிறு போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம், சீட் போஸ்ட்கூடச் சத்தம் போடும். இவை எதற்கும் புதுக் கிராங்க் தேவையில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், அச்சும் கிராங்கும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி. நம் ஊரில் மூன்று வகைகள் புழக்கத்தில் உள்ளன. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவின் ஹீரோ போன்ற நிறுவனங்களின் கறுப்புச் சைக்கிள்களில் இருப்பது காட்டர் பின் வகை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கிய இரும்பு ஆணி, கிராங்கைக் குறுக்கே துளைத்து, அச்சில் வெட்டியிருக்கும் தட்டைப் பள்ளத்தில் ஆப்பாக இறங்கும். இதைக் கழற்றும்போது நட்டை முழுதாக எடுத்துவிட்டு ஆணியின் மரை முனையில் ஓங்கி அடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. மரை நசுங்கும், அடியின் வேகம் முழுவதும் பேரிங் குண்டுகளில் இறங்கும். நட்டை ஆணியின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் ஒரு கனமான குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே அடியில் தட்டுவார் அனுபவமுள்ள மெக்கானிக். புது ஆணியை அடித்துத்தான் இறுக்க வேண்டும். நட்டு அதைப் பிடித்து வைக்க மட்டுமே. இரண்டு ஆணிகளும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். ஒரே திசையில் போட்டால் இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது ஒரு கால் நொண்டும்.

இரண்டாவது வகை சதுர அச்சு. குறைந்த, நடுத்தர விலைக் கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான். அச்சின் இரு முனையும் சற்றே கூம்பிய சதுரம். கிராங்கில் அதற்கேற்ற சதுரத் துளை. எளிமையானது, நீடித்து உழைப்பது. ஆனால் கூம்பின் அளவில் இரண்டு தரங்கள் இருக்கின்றன. ஜப்பானியத் தரம் ஒன்று, ஷிமானோ பயன்படுத்துவது. ஐ.எஸ்.ஓ. தரம் மற்றொன்று, இத்தாலியின் கம்பனோலோ பயன்படுத்தியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டே இத்தகைய அளவுகளையெல்லாம் தொகுத்து எல்லாருக்கும் பொதுவாக்கிய ஷெல்டன் பிரவுன் (1944–2008) கணக்குப்படி, ஐ.எஸ்.ஓ. கிராங்கை ஜப்பானிய அச்சில் போட்டால் சுமார் 4.5 மி.மீ. வெளியே தள்ளி உட்காரும். அவ்வளவு தள்ளினால் செயின் எப்போதும் கோணலாகவே ஓடும்.

அச்சின் நீளமும் இதே காரியத்தைச் செய்யும். 113 மி.மீ. அச்சுக்குப் பதில் 118 போட்டால் ஒவ்வொரு பக்கமும் 2.5 மி.மீ. வெளியே போகும். பழைய அச்சைக் கழற்றி நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சீல் செய்த பி.பி.யாக இருந்தால் அதன் உடலிலேயே எண் அச்சிட்டிருக்கும். பிறகு செயின் கோட்டைச் சரிபார்க்கலாம். சீட் குழாயின் நடுவிலிருந்து முன் பல்சக்கரங்களின் நடு வரை எவ்வளவு தூரமோ, சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து பின் பல்சக்கரத் தொகுதியின் நடு வரையும் ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும்.

சதுர அச்சிலிருந்து கிராங்கை எடுக்க கிராங்க் புல்லர் வேண்டும். சில நூறு ரூபாய்க் கருவி. நடுப் போல்ட்டை எடுத்துவிட்டு, கிராங்கின் 22 மி.மீ. மரையில் புல்லரைக் கையாலேயே முடிந்தவரை ஆழமாகத் திருகி, அதன் பிறகே ஸ்பானர் போட வேண்டும். போல்ட்டோடு வராமல் உள்ளே ஒரு வாஷர் தங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதைக் கவனிக்காமல் புல்லரை இறுக்கினால் அலுமினிய மரை உரிந்துவிடும். மரை போனால் நல்ல கிராங்கும் குப்பைதான்.

விலை கூடிய சைக்கிள்களில் மூன்றாவது வகை: பொதுவாக வலது கிராங்கோடு நிரந்தரமாக இணைந்த, உள்ளீடற்ற தடித்த அச்சு. ஷிமானோவின் ஹாலோடெக் 2-ல் அது 24 மி.மீ., ஸ்ராம் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த டப் வகையில் 28.99 மி.மீ., பிபி30 எனப்படும் வகையில் 30 மி.மீ. ஒன்றின் பேரிங்கில் மற்றொன்று நுழையாது. ஆனால் கழற்றுவது சுலபம், புல்லரே வேண்டாம். ஹாலோடெக்கில் பூட்டும்போது இடது கிராங்கின் மூடியை விரல் பலத்தில் மட்டும் திருப்பி, பக்கத்தில் உள்ள இரண்டு ஆலன் போல்ட்டுகளையும் மாறி மாறி 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதைத் தொட்டால் பிடிப்பு சமமாக இருக்காது.

எந்த வகையானாலும் பி.பி. உட்காருவது ஃபிரேமின் அடிக்குழாயில். அதன் அகலத்தை அளந்தே தீர வேண்டும். ரோட் சைக்கிள்களில் பொதுவாக 68 மி.மீ., எம்.டி.பி. எனப்படும் மலைச் சைக்கிள்களில் 68 அல்லது 73. மரை உள்ள ஃபிரேம்களில் மிகப் பரவலானது பி.எஸ்.ஏ. மரை, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் பெயரில் வழங்கும் அளவு: 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 புரி. இதில் செயின் பக்கத்து பி.பி. கப்புக்கு இடப்புரி மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் ஸ்பானரில் நீளக் குழாய் செருகி வழக்கமான திசையில் இழுத்து ஃபிரேமின் மரையையே பாழாக்கியவர்கள் உண்டு. பழைய இத்தாலிய ஃபிரேம்களில் 70 மி.மீ. அகலம், இரு பக்கமும் வலப்புரி. மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகைகளும் உண்டு. அவற்றை உரிய கருவி உள்ள கடையில் விடுவதே நல்லது.

பெடலிலும் இதே எச்சரிக்கை. இடது பெடல் இடப்புரி, எதிர்த் திசையில்தான் இறுகும். மிதிக்கும் விசை பெடலை மெல்ல மெல்லக் கழற்றிவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. ரைட் சகோதரர்கள் விமானத்துக்கு முன்பு டேட்டன் நகரில் சைக்கிள் செய்து விற்ற காலத்தில் தங்கள் இடது பெடலுக்கு இப்படித்தான் மரை போட்டார்கள்.

அடுத்து பற்கள். செயினின் பின்னுக்கும் பின்னுக்கும் உள்ள இடைவெளி எல்லாச் சாதாரண சைக்கிளிலும் அரை அங்குலம். அதனால்தான் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற நினைப்பு வருகிறது. வேறுபடுவது அகலம். கியர் இல்லாத சைக்கிள் செயினின் உள் அகலம் 1/8 அங்குலம். கியர் செயினில் 3/32 அல்லது அதற்கும் குறைவு. வெளி அகலம் 7, 8 கியருக்கு 7 மி.மீ.க்குச் சற்று மேல், 9 கியருக்கு 6.6, 10 கியருக்கு 6-க்கும் கீழே. பின்னால் 7 கியருள்ள சைக்கிளின் கிராங்கில் 10 கியர் செயினைப் போட்டால், அது இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் விழுந்து கால் திடீரென்று வெறுமையில் சுற்றும். நெரிசலான சாலையில் அது ஆபத்து.

நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 21 கியர் சைக்கிளின் கணக்கைப் பார்ப்போம். முன்னே 42, 34, 24 பற்கள். பின்னே 14 முதல் 28 வரை. சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர் என்றால், 42-க்கு 14-ல் ஒரு மிதிக்கு 6.3 மீட்டர் போகும். 24-க்கு 28-ல் 1.8 மீட்டர்தான், ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவருக்கு அதுதான் உயிர். வேகத்துக்கு ஆசைப்பட்டு 48, 38, 28 கிராங்கை மாட்டினால் மலை ஏறும் கியர் கனத்துவிடும். அதோடு செயின் நீளம் போதாது. முன்னால் பெரிய பல்சக்கரத்தில் இருக்கும்போது பின்னாலும் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால், செயின் இழுபட்டு, அதைப் பல்சக்கரம் மாற்றும் பின் டெரெய்லியரைப் பிய்த்தெறியும். முன் டெரெய்லியரையும் உயர்த்தி, அதன் வெளித் தகட்டுக்கும் பெரிய பல்சக்கரத்தின் பல் நுனிக்கும் 1 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும்.

பல் மட்டும் தேய்ந்திருந்தால் முழுச் செட்டையும் மாற்றாமல் பல்சக்கரத்தை மட்டும் மாற்றலாம், அது போல்ட்டில் மாட்டியிருந்தால். மலிவான செட்டுகளில் ரிவெட் அடித்திருப்பார்கள், வழியில்லை. சில நூறு ரூபாய் கூடினாலும் போல்ட் வகையை வாங்குவதே லாபம். அதில் போல்ட் வட்டத்தின் விட்டம் பொருந்த வேண்டும்: நான்கு போல்ட் என்றால் அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 1.414-ஆல் பெருக்குங்கள். 73.5 மி.மீ. வந்தால் விட்டம் 104.

புதுப் பல்சக்கரத்தில் பழைய செயினை ஓட்டுவது காசைக் கரியாக்கும் வேலை. செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி உள்ள பின்னின் நடு வரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம். 1/8 கூடிவிட்டால் பின் பற்களும் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்.

சதுர அச்சில் புதுக் கிராங்க் பூட்டியவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் இறுக்கம் தேவை, 20 செ.மீ. ஸ்பானரின் நுனியில் 20 கிலோ விசை கொடுத்தால் 40 வரும். முதல் சவாரி முடிந்ததும் ஒருமுறை சரிபாருங்கள். கிராங்க் தளர்ந்ததாகத் தெரிந்தால் அங்கேயே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். எஃகு அச்சின் மூலைகள் மென்மையான அலுமினியத் துளையை உருட்டிவிட்டால் அதன் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அப்படி ஆகிவிட்டாலும் முழுச் செட் வேண்டாம்; உருண்டது பெரும்பாலும் இடது கிராங்காகவே இருக்கும். அதை மட்டும் தனியாகக் கேட்டு வாங்கலாம். 165, 170, 175 என நீளம் கிராங்கின் பின்புறத்தில் பொறித்திருக்கும். வலது கிராங்கில் உள்ள எண்ணைப் பார்த்து அதே நீளத்தில் கேளுங்கள்.