நொடித்த விமானக் கம்பெனியை அரசு தாங்கலாமா?

2020 மார்ச் 25 ஆம் நாள், கொரோனா நோயின் காரணமாக நம் நாட்டில் உள்நாட்டு விமானப் போக்குவரத்து நின்றது. பீளமேட்டு விமான நிலையமும் ஓய்ந்தது. மே 25 இல்தான் விமானங்கள் மீண்டும் பறக்கலாயின. பறக்காத நாளிலும் விமானக் கம்பெனிக்குச் செலவு நிற்பதில்லை. விமானங்களில் பெரும்பாலானவை வாடகைக்கு எடுத்தவை. வாடகை, சம்பளம், நிறுத்திவைக்கும் கட்டணம் எல்லாம் மாதந்தோறும் வந்து நிற்கும். இந்நிலையில் அரசு கைகொடுக்க வேண்டுமா?

காரமடையில் கறிவேப்பிலை பயிரிடும் விவசாயி ஒருவர் விமானத்தில் ஏறியே இராதவராக இருக்கலாம். ஆயினும் சோப்பு வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறார். அவர் பணத்தை வானத்தில் விடலாமா என்று கேட்பது நியாயமே. ஏர் இந்தியாவின் கதை அப்படித்தான் கேட்கச் செய்கிறது. டாடா 1932 இல் தொடங்கியதை அரசு 1953 இல் எடுத்துக்கொண்டது. நட்டம் பெருகவே, 2012 இல் சுமார் 30,000 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது. அப்படியும் தேறவில்லை. 2022 ஜனவரியில் அது டாடாவிடமே திரும்பிற்று. 61,000 கோடிக்கு மேற்பட்ட கடனில் அவர்கள் ஏற்றது 15,300 கோடி. மீதி அரசின் தலையில், அதாவது நம் தலையில்!

கைவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2019 ஏப்ரலில் வங்கிகள் அவசரக் கடன் மறுக்கவே ஜெட் ஏர்வேஸ் நின்றது. விமானி முதல் மூட்டை தூக்குபவர் வரை ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவர்கள் செய்த தவறு என்ன?

இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. 2020 இல் அமெரிக்க அரசு, ஊழியரை நீக்கக் கூடாதென்ற நிபந்தனையுடன் சம்பளத்துக்கெனவே பணம் தந்தது. ஜெர்மனி, லுஃப்தான்சாவுக்கு 900 கோடி யூரோ வரை உதவி அறிவித்து, பதிலுக்கு 20 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டது. 2021 இல் கம்பெனி கடனைத் தீர்த்தது. 2022 இல் அரசு அப்பங்குகளை லாபத்துக்கு விற்றுவிட்டது. முதலாளியின் பழைய கடனை அடைக்காமல், தொழிலாளியின் சம்பளத்துக்கும் திரும்பி வரும் பங்குக்கும் கொடுப்பதாயின் நான் சம்மதிப்பேன்.

ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. கோவையில் நலிந்த பஞ்சாலைகளை அரசு 1974 இல் நாட்டுடைமையாக்கித் தேசியப் பஞ்சாலைக் கழகத்தில் சேர்த்தது. அவையும் அதே 2020 மார்ச்சில்தான் நின்றன. விமானங்கள் இரண்டே மாதத்தில் எழும்பின. ஆலைத் தொழிலாளரோ, ஆலையைத் திறக்கக் கோரி ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதாயிற்று.